சபைக்குக் கட்டுற காசும் ஒழுகிற மண்டபமும்

கேள்வி: ஐயா, எங்கட ஊர் பொதுநோக்கு மண்டபம் திறந்து பன்னிரண்டு வருஷம்கூட ஆகேல்ல, மாரி வந்தா உள்ளுக்க குடை பிடிக்கவேணும், மலசலகூடத்துக்குக் கதவில்லை. ஆனா பிரதேச சபைக்கு வீடு, காணிக்குக் கட்டுற சோலைவரி நோட்டீஸ் மட்டும் பிசகாம வருது. மண்டபத்தைத் திருத்துமட்டும் வரி கட்டுறேல்லை எண்டு நாங்கள் அஞ்சாறு வீடு முடிவெடுத்திருக்கிறம், சரிதானே?
- வாசகி, கிளிநொச்சி மாவட்டம்

பதில்: கோவம் நியாயம் தங்கச்சி, ஆனா முடிவு பிழை. கட்டாம விட்டா நிலுவை ஏறும், பேந்து வாறன்ட் செலவையும் சேத்துத்தான் வாங்குவினம், வீட்டுச் சாமானைத் தூக்கவும் சட்டத்தில இடமிருக்கு. மண்டபம் அப்பவும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும்.

நான் பிரதேச சபை ஒண்டில கனகாலம் கிளாக்கரா இருந்தனான், அதால உள்வீட்டுக் கதை கொஞ்சம் சொல்லுறன். 2009இல போர் முடிஞ்ச பிறகு வன்னியில கட்டின மண்டபம், நூலகம், சந்தைக் கட்டடம் கனக்க வெளிக்காசில வந்ததுகள். ரிபன் வெட்டி கல்லும் பதிச்சு திறப்பைச் சபையின்ர கையில குடுத்திட்டுப் போயிடுவினம், ஓடு மாத்துற காசை ஆரும் சேத்துத் தாறேல்லை. உறுப்பினர்மாருக்கும் புதுசாக் கட்டத்தான் ஆசை, பெயின்ற் அடிச்சதுக்கு ஆர் பேர்க்கல் வைக்கிறது? இதுக்குள்ள 2023 பங்குனி தொடக்கம் 2025 மே தேர்தல் முடியுமட்டும் சபையில உறுப்பினரே இல்லை, செயலாளர்மார்தான் தனிய இழுத்தவை. அந்த ரெண்டு வருஷமும் குரங்கு சும்மா இருக்கேல்லையே! ஒரு ஓட்டை உடைச்சிட்டுப் போகும், அதால தண்ணி இறங்கி ஓட்டைத் தாங்கிற மரச் சிலாகை உக்கும், பிறகு கறையான், பிறகு சீலிங் முழுக்க கீழ. ஆவணியில நாலு ஓட்டோட முடிஞ்சிருக்கிற வேலை மார்கழியில கூரையையே மாத்துற வேலையாப் போகும், உங்கட மண்டபத்துக்கும் இதுதான் நடந்திருக்கும் எண்டு நினைக்கிறன்.

இப்ப நீங்கள் செய்யவேண்டியது, முதல்ல அந்த மண்டபம் ஆற்ற எண்டு பாருங்கோ. இதிலதான் முக்கால்வாசி ஆக்கள் பிழை விடுறது. கிராம அபிவிருத்திச் சங்கத்தின்ர பேரில இருக்கலாம், சனசமூக நிலையத்தின்ர பேரில இருக்கலாம், கட்டித்தந்தவை ஒழுங்கா எழுதிக் குடுக்காமலே போயிருக்கலாம். சபையின்ர சொத்துப் பதிவேட்டில அது இல்லையெண்டா செயலாளர் விரும்பினாலும் காசு ஒதுக்கேலாது, ஒடிற்றில (கணக்காய்வில) கேள்வி வரும், அவற்ற சம்பளத்திலதான் கை வைப்பினம். வாய்ச்சொல்லை நம்பாதேங்கோ, 2016ம் ஆண்டின் 12ம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ. மண்டபம் ஆற்ற பேரில, போன மூண்டு வருஷமும் திருத்தத்துக்கு எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு செலவழிச்சவை, இந்த ரெண்டையும் கேட்டாக் காணும். 14 வேலைநாளுக்குள்ள தருவினமோ இல்லையோ எண்டு முடிவு சொல்லவேணும். பிறகு மார்கழிக்கு முன்னம், பாதீடு வாசிக்க முதல், உங்கட வட்டார உறுப்பினரைப் பிடியுங்கோ. பங்குனியில போய்க் கத்தினா "அடுத்த வருஷம் பாப்பம்" எண்டுதான் சொல்லுவினம், நானே எத்தினை பேருக்குச் சொல்லியிருக்கிறன்.

கேள்வி: எங்கட காணிப் பேர்மிட் (அரச காணிக்குத் தாற அனுமதிப்பத்திரம்) இடம்பெயர்வில துலைஞ்சு போச்சு. பத்து வருஷமா சபைக்கு வரி கட்டுறன், பற்றுச்சீட்டு எல்லாம் கிடக்கு. இதைக் காட்டி காணியை என்ர பேருக்கு எடுக்கலாமோ?
- வாசகர், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: ஏலாது தம்பி. வரி வாங்கிறது பிரதேச சபை, பேர்மிட் தாறது பிரதேச செயலகம். பேர் ஒரே மாதிரி இருக்கிறதால எங்கட சனம் ரெண்டையும் ஒண்டாக்கி, இங்க நிக்கவேண்டிய வரிசையில அங்க நிக்கும். நீங்கள் அங்க குடியிருக்கிறியள் எண்டதுக்குப் பற்றுச்சீட்டு ஒரு சாட்சி, அதால எறிஞ்சு போடாதேங்கோ, கிராம அலுவலரின்ர கடிதத்தோட செயலகத்துக் காணிக் கிளைக்குக் கொண்டு போங்கோ, பேர்மிட் குடுத்த பதிவு அங்க இருக்கோ எண்டு தேடச் சொல்லுங்கோ.

கேள்வி: என்ர தேத்தண்ணிக் கடைக்கும் வருஷ லைசென்ஸ் 1000 ரூபா, சந்தியில இருக்கிற பெரிய ஹோட்டலுக்கும் 1000 ரூபா. இதென்ன ஞாயம்?
- வாசகர், மாங்குளம்

பதில்: ஞாயமே இல்லை, ஆனா அது சபையின்ர குற்றமும் இல்லை. பிரதேச சபைச் சட்டம் 1987இல வந்தது. கட்டடத்தின்ர வருடாந்தப் பெறுமதி, அதாவது வருஷ வாடகை மதிப்பு, 750 ரூபாவுக்குள்ள எண்டா 500, 1500க்குள்ள எண்டா 750, அதுக்கு மேல எண்டா 1000 எண்டு அதில கிடக்கு. இப்ப ஆற்ற கடை வருஷத்துக்கு 1500 ரூபாவுக்கு வாடகைக்குப் போகுது? கோழிக்கூடும் தாண்டிடும்! அதால எல்லாரும் ஒரே படியில. லைசென்ஸ் தேவைப்படாத வியாபாரத்துக்கு எடுக்கிற வரியும் இதே கதைதான், வருஷ வருமானம் ஒண்டரை லட்சத்தைத் தாண்டினா 3000 ரூபா, கோடிக்கணக்கில உழைச்சாலும் அந்த 3000தான். சபையிட்ட காசில்லை எண்டு சேர்மன்மார் அழுறதில கொஞ்சம் உண்மையும் இருக்கு. ஒண்டு, லைசென்ஸைக் கண்ணாடி போட்டுக் கடையில மாட்டுங்கோ, சுகாதாரப் பரிசோதகர் வந்தா முதல் கேக்கிறது அதைத்தான்.

கேள்வி: சோலைவரிக்குக் கழிவு இருக்கு எண்டு சொல்லுகினம், உண்மையோ?
- வாசகி, வவுனியா

பதில்: ஓம் அக்கா. முழு வருஷத்துக்கும் தை 31க்கு முன்னம் கட்டினா 10 வீதம், காலாண்டா கட்டுறதெண்டா அந்தக் காலாண்டின்ர முதல் மாசத்துக்குள்ள கட்டினா 5 வீதம். பழைய நிலுவை கிடந்தா அதை முதல்ல முடிக்கச் சொல்லுவினம். கடைசி நாளில போகாதேங்கோ, வரிசை றோட்டுமட்டும் வரும்.