ஒற்றை ஓகரும் எட்டு காப்ளினும்

அன்புள்ள சார்,

நண்பர்கள் நான்கு பேருக்கு டிஎம்மாக (கதையையும் எதிரிகளையும் நடத்துபவராக) இருந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டை நடத்துகிறேன். ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகங்கள். எல்லோரும் மூன்றாம் லெவல். ஒரு ஓகரை (பெரிய அரக்கன்) இறக்கினேன், இரண்டே ரவுண்டில் செத்தது. அடுத்த வாரம் அதோடு எட்டு காப்ளின்களை (குட்டிப் பூதங்கள்) சேர்த்தேன். முதல் ரவுண்டிலேயே மந்திரவாதியான விசார்ட் விழுந்தான், மூன்றாவதில் பூசாரியான கிளெரிக்கும் காலி. இதற்கு நடுவே எப்படிப் பிடிப்பது? நிலைமை மோசமானால் திரைக்குப் பின்னால் பகடை எண்ணை மாற்றிச் சொல்லலாமா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் இரண்டு சண்டைகளையும் முடித்துவைத்தது ஒரே கணக்குதான்: ஒரு ரவுண்டில் எந்தப் பக்கத்துக்கு எத்தனை அடி.

ஓகருக்கு 59 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி), ஏசி 11 (அடி பட எதிராளி எட்ட வேண்டிய எண்). அந்த ஏசிக்கு உங்கள் நால்வரும் சேர்ந்து ரவுண்டுக்கு 30 வரை சுலபமாக இறக்குவார்கள். அதற்குள் ஓகர் இரண்டு முறை தடியைச் சுழற்றியிருக்கும். ஏசி 16 உள்ள ஃபைட்டர்மேல் அது பட 55 சதவீத வாய்ப்பு, பட்டால் சராசரி 13. ரவுண்டுக்கு ஏழு என்று வையுங்கள். யார் பயப்படுவார்கள்?

காப்ளினின் அம்பு பட்டால் சராசரி 5தான். ஆனால் விசார்டின் ஏசி 12 என்றால், பகடையோடு +4 கூட்டிக்கொள்ளும் காப்ளினுக்கு இருபது பக்கப் பகடையில் 8 விழுந்தாலே போதும், 65 சதவீதம். எட்டும் அவனைக் குறிவைத்தால் ரவுண்டுக்கு 26. கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14 உள்ள மூன்றாம் லெவல் விசார்டிடம் மொத்தமே 20தான் இருக்கும்.

2014 டிஎம் கையேட்டில் இதற்குத்தான் பெருக்கல் வைத்திருக்கிறார்கள். உங்கள் நால்வருக்கும் சேர்த்துச் சண்டை எளிது என்றால் 300 எக்ஸ்பி (எதிரிகளின் அனுபவப்புள்ளி), நடுத்தரம் 600, கடினம் 900, உயிராபத்து 1600. ஓகர் மட்டும் 450, அதாவது எளிது. காப்ளின் தலைக்கு 50, எல்லாம் சேர்த்து 850. எதிரிகள் ஏழிலிருந்து பத்துக்குள் இருந்தால் 2.5ஆல் பெருக்க வேண்டும், 2125 வருகிறது. 2024 கையேட்டில் பெருக்கலை எடுத்துவிட்டார்கள். அதன்படி இதே 850, நடுத்தர வரம்பான 900க்குள் அடங்கிவிடும்! கூட்டம் பெரிதானால் கவனம் என்று அதிலும் ஒரு குறிப்பு உண்டு, படிப்பவர்கள்தான் குறைவு. கீழ் லெவல்களில் பழைய பெருக்கலையே நம்புங்கள் என்பேன்.

அடுத்த சண்டைக்கு ஓகரோடு மூன்று காப்ளின் போதும். 600, நான்கு எதிரி என்பதால் இரண்டால் பெருக்கினால் 1200, கடினம். இரண்டு காப்ளினைப் பாறைமேல் வில்லோடு நிறுத்துங்கள், ஒன்றை ஓகர் பக்கத்தில். இந்த இரு கூட்டத்துக்கும் நடுவே 40 அடிக்கு மேல் இடைவெளி இருக்கட்டும். நெருக்கமாக நின்றால் ஸ்லீப் மந்திரம் போதும்: அது சராசரியாக மொத்தம் 22 ஹிட் பாயிண்ட் உள்ளவர்களைத் தூங்கவைக்கும், தலைக்கு 7 ஹிட் பாயிண்ட் உள்ள மூன்று காப்ளினும் ஒரே வீச்சில் தூங்கிவிடும்.

இன்னும் இரண்டு காப்ளினைக் குகைக்குள் வையுங்கள். முதல் ரவுண்டிலேயே உள்ளே கொம்பு ஊதும் சத்தம் கேட்கட்டும். மூன்றாம் ரவுண்டில் உங்கள் ஆட்கள் திடமாக நின்றால் அவை வரும். தள்ளாடினால் சத்தத்தோடு சரி. ஓகர் விழுந்ததும் காப்ளின்கள் ஓடிவிடலாம், அவற்றின் சுபாவத்துக்கு அது பொருந்தும்.

உங்கள் பகடைக் கேள்விக்கும் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. மேஜைக்கு இன்னும் வராததை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள், உருண்டுவிட்ட எண்ணைத் தொடாதீர்கள். ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அதுவரை அவர்கள் ஜெயித்த சண்டைகள் மேலும் சந்தேகம் வரும். ஓகரின் 59 என்பதே ஏழு பத்துப்பக்கப் பகடையும் 21உம் சேர்ந்த சராசரி. 28 முதல் 91 வரை எதுவும் விதிப்படி சரி. இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்ற பகடை) போடும் முன் முடிவு செய்துவிடுங்கள்.

கதைக்குள் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு சண்டை என்று வைத்துத்தான் 2014 கையேடு இந்த எண்களைத் தருகிறது. உங்கள் மேஜையில் நாளுக்கு ஒன்றுதான் நடக்கும் என்றால் மந்திரங்கள் எல்லாம் அதிலேயே செலவாகும், நடுத்தரச் சண்டை சப்பென்று முடியும். கடினத்திலிருந்தே தொடங்குங்கள்.

அடுத்த குகைக்கு ஷேடோ (நிழல் பேய்) வைக்க நினைத்திருந்தால் ஒன்றோடு நிறுத்துங்கள். வெறும் 100 எக்ஸ்பிதான், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஸ்ட்ரெங்த்தில் (உடல் பலம்) ஒன்று முதல் நான்கு வரை உறிஞ்சும். ஸ்ட்ரெங்த் 8 உள்ள விசார்ட், ஹிட் பாயிண்ட் மிச்சமிருந்தாலும், மூன்று நான்கு அடியில் செத்துப்போவான்.