போப்பின் மொய் நோட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பை ‘எழுதியே பிழைத்தவர்’ என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் கிரேக்கக் கவி ஹோமரை அவர் மொழிபெயர்த்ததற்குப் பிரபுக்களும் சீமாட்டிகளும் முன்பணம் கட்டியதாகப் படித்திருக்கிறேன். ஒரு வள்ளலைப் பாடிப் பரிசில் பெற்ற நம் புலவருக்கும் ஐந்நூறு பேரிடம் கைநீட்டியவருக்கும் என்ன வேறுபாடு?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

கைநீட்டினார் என்பது கொஞ்சம் அதிகம். மொய் எழுத வைத்தார் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

போப் கத்தோலிக்கர். அன்றைய இங்கிலாந்தில் பல்கலைக்கழகப் படிப்பும் கிடையாது, அரசுப் பதவியும் கிடையாது. பதிப்பாளர் கொடுத்ததோ சொற்பம். ஒரு பெண்ணின் கூந்தல் கற்றையை வெட்டிய சண்டையை வைத்து அவர் எழுதிய அங்கதக் காவியத்துக்கு, 1712இல் பதிப்பாளர் பெர்னார்ட் லின்டாட் தந்தது 7 பவுண்டு. விரித்து எழுதியதற்கு 1714இல் இன்னொரு 15. அது நான்கே நாளில் 3000 பிரதி விற்றுவிட்டதாகப் போப்பே ஒரு கடிதத்தில் சொல்கிறார். உரிமையை மொத்தமாக விற்றாகிவிட்டது, லாபம் லின்டாட்டுக்கு.

ஹோமரின் டிராய் போர்க் காவியமான இலியட்டை மொழிபெயர்த்தபோது கணக்கை மாற்றினார். ஆறு பாகம், பாகத்துக்கு ஒரு கினி (பவுண்டைவிடச் சற்றே கூடிய பொற்காசு). 575 பேர் 654 படிகளுக்குப் பெயர் கொடுத்தார்கள். அந்தப் படிகளை லின்டாட் தன் செலவில் அச்சடித்துத் தர வேண்டும், வசூல் முழுக்கப் போப்புக்கு. அதற்கு மேல் உரிமைத் தொகை வேறு. எல்லாம் சேர்ந்து 5000 பவுண்டைத் தாண்டியது. லின்டாட் பாடுதான் திண்டாட்டம்: ஹாலந்தில் சின்ன அளவில் திருட்டுப் பதிப்பு போட்டு லண்டனுக்குள் கடத்தினார்கள். அவரும் மலிவுப் பதிப்புக்கு இறங்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு பணம் வந்த மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் படி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. தனக்கு வந்த கடிதங்களின் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கிறார் மனிதர். அந்தக் காகிதச் சிக்கனத்தை எழுத்தாள நண்பர் ஸ்விஃப்ட் கிண்டலடித்துப் பாட்டே எழுதினார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கம்பர் சடையப்ப வள்ளலைக் காப்பியத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார். போப்பிடம் பணம் கட்டியவர்களுக்குக் கிடைத்தது 1715இல் வந்த முதல் பாகத்தின் முன்பக்கப் பட்டியலில் ஓர் இடம், அவ்வளவுதான். டிராய் போர்க்களத்தில் எந்த லண்டன் பிரபுவும் தலைகாட்டவில்லை. (பணம் கட்டியவர்களில் எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்காதீர்கள். மொய் வைத்தவரெல்லாம் பந்தியில் உட்காருவதில்லை.) 1720இல் வேலை முடிந்ததும் நூலைக் காணிக்கையாக்கியதும் பிரபுவுக்கு அல்ல, காங்கிரீவ் என்ற சக எழுத்தாளருக்கு. எனக்கு இதுதான் பெரிய வேறுபாடு.

ஆனால் ஓரிடத்தில் உங்கள் குத்தல் சரியாகவே விழுகிறது. பின்னாளில் போப், ஹோமர் புண்ணியத்தில் நன்றாக வாழ்கிறேன், எந்த அரசனுக்கும் பிரபுவுக்கும் நான் கடன்படவில்லை என்று கவிதையில் மார்தட்டினார். அப்போது அந்த மொய் நோட்டை அவர் புரட்டிப் பார்க்கவில்லை.