மறுபதிப்பு வந்தால் பழைய கார்டின் விலை விழுமா?

போக்கிமான், மேஜிக் மாதிரி சேகரித்து விளையாடும் கார்டுகளைப் பற்றி கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். விளையாடத் தேவைப்படும் கார்டு என்றால் விழும். முதல் பதிப்பு என்பதற்காகவே தேடும் கார்டு அவ்வளவாக விழாது.

போக்கிமான் கார்டின் கீழ் மூலையைப் பாருங்கள்: வட்டம் சாதாரணம், சாய்சதுரம் அடுத்த படி, நட்சத்திரம் அரிது. கடையில் வாங்கும் கார்டு பாக்கெட்டில் எவ்வளவு எளிதாக வரும் என்பதைத்தான் அந்தக் குறி சொல்லும். மொத்தம் எத்தனை அச்சடித்தார்கள் என்பதை அல்ல.

மேஜிக் கார்டு விளையாட்டில் 1995இல் குரோனிக்கிள்ஸ் என்ற மறுபதிப்பு வந்ததும், பழைய கார்டின் விலை விழுகிறதே என்று சேகரிப்பவர்கள் கொதித்துப்போனார்கள். அப்புறம் 1996இல், இன்னின்ன கார்டுகளை இனி அச்சடிக்க மாட்டோம் என்று நிறுவனமே பட்டியல் போட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. செந்தூலில் கடையோர ஐந்தடி நடைபாதையில், ரப்பர் பேண்ட் போட்ட கட்டோடு என் தம்பி மகன் உட்கார்ந்திருக்கிறான். அவன் கையிலும் ஐந்து வெள்ளிக்கு நல்ல கார்டு கிடைக்க வேண்டும்.