பிராகில் ஒரே ஒரு நாள்

கேள்வி: வேலை விஷயமாக ஜெர்மனி போகிறேன், நடுவில் ஒரு நாள் பிராக் போக வாய்ப்பு. 14 இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் பார்க்க முடியுமா?

பதில்: முடியும், வாசல் வரைக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அப்புறம் யாராவது கேட்டால் திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான். முதல் தடவை நானும் இப்படித்தான் ஓடினேன். இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது, இடங்களை விட்டுவிட்டு ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு நடங்கள்.

காலையில் 22ஆம் நம்பர் டிராமில் மேலே கோட்டைக்குப் போய்விடுங்கள், ஏறுவது டிராம், இறங்குவது கால். புனித வீட்டஸ் தேவாலயத்தை 1344இல் ஆரம்பித்து 1929இல்தான் முடித்தார்கள். முகப்பில் வட்ட ஜன்னலுக்குக் கீழே நன்றாகப் பாருங்கள், கோட் சூட் போட்ட ஆட்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கட்டி முடித்த காலத்துக் கட்டடக் கலைஞர்கள்!

நம் கதை அடுத்து வரும் பழைய அரண்மனையில்தான் தொடங்குகிறது. 1618 மே 23, மதச் சுதந்திரத்தில் கைவைக்கிறார்கள் என்று கொதித்துப்போன புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் உள்ளே புகுந்து, கத்தோலிக்கப் பேரரசரின் பிரதிநிதிகள் இரண்டு பேரையும் அவர்களுடைய செயலாளரையும் ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். சுமார் 20 மீட்டர் உயரம், ஆனால் மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். மாதா தாங்கினாள் என்றது கத்தோலிக்கக் கட்சி, குப்பைமேடு தாங்கியது என்றது புராட்டஸ்டன்ட் கட்சி. செயலாளருக்குப் பிறகு பிரபு பட்டம் கிடைத்தது, பட்டப்பெயர் 'ஹோஹென்ஃபால்', அதாவது உயரத்திலிருந்து விழுந்தவர். யாருக்கு இந்தக் குசும்பு என்று தெரியவில்லை. இதிலிருந்துதான் ஐரோப்பாவையே உலுக்கிய முப்பதாண்டுப் போர் வெடித்தது.

அங்கிருந்து நெருதோவா தெரு வழியாக இறங்குங்கள். வீட்டு நம்பர் வருவதற்கு முன்னால் வீடுகளுக்கு அடையாளம் படங்கள்தான், மூன்று வயலின் இருந்தால் அது 'மூன்று வயலின் வீடு'. நேரே போனால் 1357இல் மன்னர் நான்காம் சார்லஸ் தொடங்கிய கல் பாலம். சிலைகள் 30, கூட்டமோ சொல்லி மாளாது. பாலத்தைத் தாண்டி பழைய நகரப் பக்கம் நிற்கும் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். 1620இல் வெள்ளை மலைப் போரில் அந்தப் பிரபுக்கள் தரப்பு தோற்றது, மறு வருஷம் தலைவர்கள் 27 பேருக்கு மரண தண்டனை, அதில் 12 தலைகளை இந்தக் கோபுரத்தில்தான் தொங்கவிட்டார்கள், பத்து வருஷம்.

தண்டனை நிறைவேறிய இடம் பழைய நகரச் சதுக்கம். டவுன்ஹால் சுவரோரம் தரையில் வெள்ளைச் சிலுவைகள் பதித்திருப்பார்கள், எண்ணினால் 27 வரும். நான் பார்த்த நேரத்தில் ஒரு குடும்பம் அதன் மேலேயே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களைச் சொல்லி என்ன, முதல் தடவை நானும் மிதித்துக்கொண்டுதான் போயிருப்பேன்.

கேள்வி: அங்கே இருக்கும் வானியல் கடிகாரத்தைச் செய்தவரின் கண்ணைப் பிடுங்கிவிட்டார்களாமே, உண்மையா?

பதில்: கட்டுக்கதை. அதில் வரும் ஹனுஷ் அதைச் செய்தவரே இல்லை. 1410இல் செய்தவர் கடான் என்ற ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ். மணிக்கு ஒரு தடவை எலும்புக்கூடு மணியடிக்கும், இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்கள் ஜன்னலில் வந்து போவார்கள், சேவல் கூவும், ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துவிட்டு, 'இவ்வளவுதானா' என்ற முகத்தோடு கலைவார்கள். கூட்டம் போனபிறகு முகப்பைப் பாருங்கள். வெளி வளையத்தில் பழைய எழுத்தில் 1 முதல் 24 வரை இருக்கும். அது பழைய செக் நேரம், நாள் சூரியன் மறைவில் தொடங்கும். அஸ்தமன நேரம் தினமும் மாறும், அதனால் அந்த வளையமும் கூடவே நகரும்.

கேள்வி: யூரோ போதுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, கூட்டிப்போகலாமா?

பதில்: செக் நாட்டில் பணம் கொருனா. கார்டு பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஓடும். 'கமிஷன் இல்லை' என்று பலகை வைத்த மாற்றுக் கடைகளில், கையில் எத்தனை கொருனா வரும் என்று கேட்டுவிட்டுப் பணத்தை நீட்டுங்கள். அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள், ஆனால் வழியெல்லாம் கருங்கல் பாவிய தரை, நல்ல ஷூ வேண்டும். நெருதோவா இறக்கம் அவருக்கு ஆகாது, வந்த டிராமிலேயே கீழே இறக்கிவிடுங்கள். காகித டிக்கெட் என்றால் ஏறியதும் மெஷினில் முத்திரை குத்த மறக்காதீர்கள், குத்தாத டிக்கெட் இருந்தும் இல்லாத கணக்குதான்.