கிளப் கோல்ஃப் போட்டி: கமிட்டிக்காரர்களின் தலைவலிகளும் என் பதில்களும்

கிளப் உறுப்பினர்களுக்கான போட்டிகளைப் பல வருடமாக நடத்தி வருகிறேன். அதனால் கமிட்டியில் புதிதாக மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் கேள்வி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் போட்டி முடிந்தபின் வெடித்த சண்டைகள்தான். முதல் நாளே நோட்டீஸில் ஒரு வரி எழுதியிருந்தால் அவற்றில் பலவும் வந்திருக்காது என்பதைக் கேள்விகளைப் படிக்கும்போதே நீங்களும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சார், எங்கள் மாதப் போட்டிக்கு 60 பேர் வருகிறார்கள். 78 அடிப்பவரும் உண்டு, 120 அடிப்பவரும் உண்டு. எப்போதும் ஸ்ட்ரோக் பிளேதான், அதாவது மொத்த அடிகளை எண்ணிக் குறைவாக அடித்தவர் ஜெயிக்கும் முறை. பாதிப் பேர் ஒன்பதாவது ஹோலைத் தாண்டும்போதே மனம் விட்டுப்போய் கார்டைப் பையில் திணித்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

ஸ்டேபிள்ஃபோர்டுக்கு மாறுங்கள். டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்பவர் இந்த முறையைக் கொண்டுவந்ததே உங்களுடைய இதே பிரச்சினைக்காகத்தான். இங்கிலாந்தின் வாலஸி கிளப்பில் 1932 மே மாதம் இந்த முறையில் போட்டி நடத்தினார்கள். ஹேண்டிகேப் (திறமைக்கேற்பத் தரும் அடிச் சலுகை) கழித்தபின் ஒரு ஹோலில் பார் (அந்த ஹோலுக்கு நிர்ணயித்த அடிகள்) என்றால் 2 புள்ளி, ஓர் அடி கூடிய போகி என்றால் 1, ஓர் அடி குறைந்த பேர்டி என்றால் 3, இரண்டு அடி குறைந்த ஈகிள் என்றால் 4. போகியைவிட எவ்வளவு மோசமாகப் போனாலும் பூஜ்ஜியம்தான். தண்ணீருக்குள் நாலு பந்தைப் போட்டவர் ஐந்தாவது பந்தைத் தேட வேண்டியதில்லை, பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஹோலின் தொடக்க இடமான டீக்கு நடக்கலாம். அவருக்கும் நிம்மதி, பின்னால் நிற்பவர்களுக்கும் நிம்மதி. 36 புள்ளி எடுத்தால் தன் ஹேண்டிகேப்புக்குச் சரியாக ஆடியிருக்கிறார் என்று பொருள்.

ஸ்ட்ரோக் பிளேயை விட மனமில்லை என்றால் 'மேக்ஸிமம் ஸ்கோர்' என்ற முறை இருக்கிறது. ஒரு ஹோலுக்கு இவ்வளவுதான் உச்சம், உதாரணமாக பாரின் இரண்டு மடங்கு, என்று கமிட்டி முன்கூட்டியே அறிவித்துவிடலாம். கிளப் சாம்பியன்ஷிப்பை மட்டும் தொடாதீர்கள். அது முழு ஸ்ட்ரோக் பிளேயாக, கடைசி பட் (குழிக்குள் தட்டும் அடி) உள்ளே விழும்வரை ஆடுவதாகவே இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது கை நடுங்க வேண்டும்.

ஒரு உறுப்பினர் வாரநாட்களில் சுமாராக ஆடுகிறார், பரிசு இருக்கிற நாளில் மட்டும் பிரமாதமாக ஆடிக் கோப்பையைத் தூக்கிவிடுகிறார். ஹேண்டிகேப் இன்டெக்ஸ் 24. மற்றவர்கள் எல்லாம் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

முதலில் அவர்மேல் பழி போடுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 ஸ்கோரின் டிஃபரன்ஷியல்களில் (கோர்ஸின் கடினத்துக்கேற்பச் சரிசெய்த எண்கள்) சிறந்த 8-இன் சராசரிதான் இன்டெக்ஸ். ஆகவே சில சுற்றுகளை வேண்டுமென்றே கெடுத்து ஆடுவதால் மட்டும் ஒருவருக்குப் பெரிய லாபம் வந்துவிடாது, அந்த மோசமான ஸ்கோர்கள் கணக்கிலேயே வருவதில்லை. உண்மையான தில்லுமுல்லு வேறு இடத்தில் நடக்கிறது: நன்றாக ஆடிய சுற்றுகளைப் பதிவே செய்யாமல் விடுவது. அதனால் இந்தப் போட்டியில் பரிசு வாங்க வேண்டுமென்றால் கடந்த இத்தனை மாதத்தில் இத்தனை ஸ்கோராவது பதிவு செய்திருக்க வேண்டும் என்று போட்டி விதியில் எழுதுங்கள். எத்தனை என்பது உங்கள் கிளப்பின் நடமாட்டத்தைப் பொறுத்தது.

அந்த முறைக்குள்ளேயே ஒரு கடிவாளமும் இருக்கிறது. ஒருவர் தன் இன்டெக்ஸைவிட 7 முதல் 9.9 வரை குறைவான டிஃபரன்ஷியலை ஆடிவிட்டால் இன்டெக்ஸில் கூடுதலாக 1 வெட்டு விழும், 10 அல்லது அதற்கு மேல் போனால் 2. அதையும் மீறிச் சந்தேகம் இருந்தால் ஹேண்டிகேப் கமிட்டி அவருடைய பதிவை மறுபரிசீலனை செய்து இன்டெக்ஸைத் திருத்தலாம், அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதை அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசிச் செய்யுங்கள். பாரில் நாலு பேர் பேசிக்கொண்டதை ஆதாரமாக வைத்துச் செய்யாதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. இன்டெக்ஸ் 24 உள்ளவரின் ஸ்கோர் இன்றைக்கு 92, நாளைக்கு 110 என்று அலைபாயும், இன்டெக்ஸ் 5 உள்ளவரின் ஸ்கோர் அப்படி ஆடாது. 60 பேர் கலந்துகொள்ளும் போட்டியில் 24-காரர்களில் யாரோ ஒருவருக்கு அன்றைக்கு வாழ்நாள் சுற்று அமைவது சகஜம், அவர் திருடர் இல்லை. இதை ஓரளவு சமன் செய்யத்தான் தனிநபர் ஸ்ட்ரோக் பிளேக்கும் ஸ்டேபிள்ஃபோர்டுக்கும் 95 சதவீத ஹேண்டிகேப் தருகிறார்கள். நிறையக் கிளப்புகள் இதை மறந்து முழுதாகக் கொடுத்துவிடுகின்றன. ஒரு உதாரணம்: இன்டெக்ஸ் 18.4, கோர்ஸின் கடினத்தைக் காட்டும் இரண்டு எண்களான ஸ்லோப் 125, கோர்ஸ் ரேட்டிங் 71.3, மொத்தப் பார் 72. 18.4-ஐ 125-ஆல் பெருக்கி, நிலையான எண்ணான 113-ஆல் வகுத்து, அதிலிருந்து பாருக்கும் ரேட்டிங்குக்கும் உள்ள வித்தியாசமான 0.7 கழித்தால் 19.65 வரும். அதில் 95 சதவீதம் 18.67, ஆக 19 ஸ்ட்ரோக். ஹோலுக்கு ஹோல் நேருக்கு நேர் மோதும் மேட்ச் பிளேயில் 95 கிடையாது, முழு 100-தான்.

இதெல்லாம் செய்தபிறகும் புகைச்சல் இருந்தால் பிரிவு பிரித்துவிடுங்கள். 12 வரை ஒரு பிரிவு, 13 முதல் 20 வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. முறைப்பவர்களில் பாதிப் பேர் தங்கள் பிரிவில் பரிசு வாங்கியதும் அமைதியாகிவிடுவார்கள்.

நாலு பேர் கொண்ட குழுக்கள், 7 நிமிட இடைவெளி. சுற்று முடிய ஐந்தரை மணி நேரம் ஆகிறது. எல்லாரையும் வேகமாக நடக்கச் சொல்லி போர்டு வைத்தும் பயனில்லை.

போர்டைக் கழற்றிவிடுங்கள். பிரச்சினை ஆடுபவர்களின் காலில் இல்லை, உங்கள் ஸ்டார்ட் ஷீட்டில் இருக்கிறது. நாலு பேர் ஒரு பார்-4 ஹோலின் முதல் அடியை முடித்து இரண்டாவது அடிக்குப் போய் வழிவிடவே 7 நிமிடம் போதாது. 10 முதல் 12 நிமிடம் கொடுத்துப் பாருங்கள். கடைசிக் குழு தாமதமாகக் கிளம்பும், ஆனால் ஏறக்குறைய பழைய நேரத்துக்கே வந்து சேரும். இதை நம்ப வைக்க எங்கள் கமிட்டியில் எனக்கு இரண்டு கூட்டம் தேவைப்பட்டது.

அடுத்தது குழி வெட்டும் இடம். ஒரு முறை நாங்கள் ஒரு பார்-3 ஹோலில், கிரீனின் (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) மேல் சரிவில், விளிம்பிலிருந்து மூன்றே எட்டுத் தூரத்தில் குழியை வைத்துவிட்டோம். காலையில் பனி ஈரத்தில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறிக் கிரீன் காய்ந்ததும், மேலிருந்து தட்டிய பந்து குழியைத் தாண்டி உருண்டு உருண்டு கிரீனை விட்டே இறங்கியது. கீழிருந்து தட்டியது, குழிவரை போய் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, அடித்தவர் காலடிக்கே திரும்பி வந்தது. பதினோரு மணிக்கு நான் போய்ப் பார்க்கும்போது அந்த டீயில் மூன்று குழுக்கள் புல்லில் உட்கார்ந்திருந்தன, ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து விளிம்பிலிருந்து குறைந்தது நாலு எட்டு, குழியைச் சுற்றி இரண்டு மூன்று அடிக்குச் சமதளம் என்பதை விடுவதே இல்லை. 18 ஹோலில் ஆறு சுலபம், ஆறு நடுத்தரம், ஆறு கடினம் என்று பிரித்துக்கொண்டால் போதும். கடினமான ஆறில் பார்-3 ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

பந்து தேட 3 நிமிடம்தான் என்பதை நினைவூட்டுங்கள், பழைய ஆட்கள் இன்னும் 5 நிமிடக் கணக்கிலேயே இருக்கிறார்கள். 2019-இலேயே மாறிவிட்டது. பந்து தொலைந்தாலோ எல்லை தாண்டினாலோ திரும்பிப் போய் அடிப்பதற்குப் பதிலாக இரண்டு ஸ்ட்ரோக் அபராதத்தோடு அங்கேயே டிராப் செய்துகொள்ள (கையால் பந்தைப் போட்டு ஆட) அனுமதிக்கும் மாதிரி உள்ளூர் விதி ஒன்று உண்டு. சாதாரணக் கிளப் போட்டிக்கு அது தாராளமாகப் பொருந்தும். ஆனால் நோட்டீஸில் போட்டால்தான் செல்லும்.

ஒருவர் ஏழாவது ஹோலில் 6 அடித்துவிட்டு கார்டில் 5 என்று இருப்பதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஸ்கோரை எழுதிய மார்க்கரின் தவறு அது. மொத்தத்தையும் வேறு தப்பாகக் கூட்டியிருந்தார். அவரை நீக்கியது சரியா ஐயா?

ஸ்ட்ரோக் பிளே என்றால் சரிதான், மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும். உண்மையில் அடித்ததைவிடக் குறைவாக ஒரு ஹோலின் எண்ணைக் கொடுத்தால் தகுதி நீக்கம். அதிகமாகக் கொடுத்திருந்தால் அந்த அதிக எண்ணே நிற்கும். எழுதியது மார்க்கர் என்றாலும் ஒவ்வொரு ஹோலின் எண்ணும் சரியா என்று பார்ப்பது ஆடியவரின் பொறுப்பு. ஆனால் கூட்டல் தவறுக்காக யாரையும் எதுவும் செய்ய முடியாது. கூட்டுவதும், ஹேண்டிகேப் கழிப்பதும், புள்ளி போடுவதும் கமிட்டியின் வேலை. 2023 முதல் கார்டில் ஹேண்டிகேப்பை எழுதுவதுகூட ஆடுபவரின் கட்டாயம் இல்லை.

ஸ்டேபிள்ஃபோர்டாக இருந்து, 5 என்றாலும் 6 என்றாலும் அவருக்கு அந்த ஹோலில் ஒரே புள்ளிதான் கிடைத்திருக்கும் என்றால் நீக்கத் தேவையில்லை. ஆடும்போது தெரியாமலே ஓர் அபராதம் விழுந்து, அதைச் சேர்க்காமல் கார்டு கொடுத்திருந்தாலும் நீக்கம் கிடையாது, அபராதத்தைச் சேர்த்துக்கொண்டால் முடிந்தது.

கையெழுத்தே இல்லாத கார்டு தனிக் கதை. வழக்கமான விதிப்படி நீக்கம்தான், ஆனால் 2023-இல் வந்த மாதிரி உள்ளூர் விதியை ஏற்றுக்கொண்டால் அதை இரண்டு ஸ்ட்ரோக்காகக் குறைக்கலாம். நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். கார்டு வாங்கும் மேஜையில் ஓர் ஆளை உட்கார வைத்து, "ஒவ்வொரு ஹோலாகப் பார்த்தாச்சா, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்க வைப்பது இன்னும் நல்லது.

கேப்டனுக்கு வேண்டியவர் 4 நிமிடம் தாமதமாக டீக்கு வந்தார். ஆட விட்டுவிட்டோம்.

ஆட விட்டது சரி. முதல் ஹோலில் இரண்டு ஸ்ட்ரோக் அபராதம் போட்டீர்களா? 5 நிமிடத்துக்குள் வந்தால் அதுதான் விதி, அதற்குமேல் தாமதித்தால் தகுதி நீக்கம். கேப்டனே தாமதமாக வந்தாலும் இதுதான்.

88 பேருக்கு ஷாட்கன் ஸ்டார்ட் (எல்லாக் குழுக்களும் வெவ்வேறு ஹோல்களில் ஒரே நேரத்தில் தொடங்குவது) வைக்க முடியுமா? சமநிலை வந்தால் கவுண்ட்பேக் என்று மட்டும் எழுதியிருக்கிறோம்.

வைக்கலாம். 18 ஹோலில் தலா நாலு பேர் என்றால் 72. மீதி 16 பேர் நாலு குழுக்கள். அவர்களை பார்-5 ஹோல்களில் 'பி' குழுவாகப் போடுங்கள், இடம் போதாவிட்டால் நீளமான பார்-4. பார்-3 ஹோலில் இரண்டு குழு போடவே போடாதீர்கள், ஆரம்பத்திலேயே அடைத்துக்கொள்ளும். வண்டியோ நடையோ, எல்லாரும் அவரவர் ஹோலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று முந்தைய நாள் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிதான் எனக்குக் கவலை. நான் கமிட்டிக்கு வந்த புதிதில் அச்சு அசலாக இதே வரியைத்தான் எழுதினேன். இரண்டு பேர் 38 புள்ளியில் நின்றார்கள். கவுண்ட்பேக் என்றால் கடைசி 9 ஹோல், அதிலும் சமம் என்றால் கடைசி 6, பிறகு 3, பிறகு கடைசி ஹோல் என்பது எல்லாருக்கும் தெரியும். ஐந்தாவது ஹோலில் ஆரம்பித்தவர் எழுந்து, "எனக்குக் கடைசி ஒன்பது 14-இல் ஆரம்பித்து 4-இல் முடிகிறது" என்றார். இன்னொருவர் பத்து முதல் பதினெட்டுதான் என்றார். ஒரு கணக்கில் இவர் ஜெயிக்கிறார், இன்னொரு கணக்கில் அவர். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். இரண்டு பேரும் நியாயமாகத்தான் பேசினார்கள், எழுதாமல் விட்டவன் நான்தான். "எந்த ஹோலில் ஆரம்பித்திருந்தாலும் கடைசி ஒன்பது என்பது 10 முதல் 18 வரை" என்று ஒரே வரி சேர்த்துவிடுங்கள். நெட் ஸ்ட்ரோக் பிளே என்றால் கடைசி 9-க்கு ஹேண்டிகேப்பில் பாதி, 6-க்கு மூன்றில் ஒன்று, 3-க்கு ஆறில் ஒன்று கழிப்போம் என்பதையும் எழுதுங்கள். ஸ்டேபிள்ஃபோர்டில் அந்தக் கழித்தல் வேண்டாம், புள்ளியிலேயே அது அடங்கிவிட்டது.

நடுவில் இடி இடித்தால்?

ஒரு நீண்ட சைரன் அடித்தால் உடனே நிறுத்த வேண்டும், அதற்குப் பிறகு ஓர் அடி அடித்தாலும் தகுதி நீக்கம். மூன்று முறை அடித்தால் சாதாரண நிறுத்தம், ஆரம்பித்த ஹோலை முடித்துக்கொள்ளலாம். இரண்டு குறுகிய ஒலி என்றால் மீண்டும் தொடங்கலாம். சைரன் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், மின்னல் ஆபத்து என்று நினைக்கும் ஆட்டக்காரர் தானாகவே நிறுத்திக்கொள்ள விதியில் இடமுண்டு.

ஹேண்டிகேப்பே இல்லாத புது உறுப்பினர்கள் 15 பேர் ஆட ஆசைப்படுகிறார்கள்.

அவர்களைத் தனிப் பிரிவாக்கி 'பியோரியா' முறையில் ஆட வையுங்கள். யாருக்கும் சொல்லாமல் ஆறு ஹோலைத் தேர்ந்தெடுத்து, கவரில் போட்டு ஒட்டிவிடுங்கள், பார்-3, பார்-4, பார்-5 ஒவ்வொன்றிலும் இரண்டு. அந்த ஆறிலும் பாரைவிட எத்தனை அதிகம் அடித்தார் என்று கூட்டி மூன்றால் பெருக்கினால் அன்றைய ஹேண்டிகேப். 9 அதிகம் என்றால் 27. அறிவியல் இல்லை, கொஞ்சம் லாட்டரிதான், ஆனால் கவரைப் பிரிக்கும் நேரத்தில் அறையே கலகலப்பாகிவிடும். பிரதான கோப்பைக்கு மட்டும் இதைச் சேர்க்காதீர்கள்.

ஸ்பான்சர் ஒருவர் முதல் பரிசாக ரொக்கம் தருகிறேன் என்கிறார். எங்கள் போட்டி ஹேண்டிகேப் போட்டி.

வாங்காதீர்கள். 2022 முதல் உள்ள அமெச்சூர் அந்தஸ்து விதிப்படி ரொக்கப் பரிசு ஹேண்டிகேப் கழிக்காத ஸ்கிராட்ச் போட்டியில் மட்டும்தான், அதுவும் 700 பவுண்டு அல்லது 1000 டாலர் உச்சவரம்புக்குள். ஹேண்டிகேப் போட்டியில் பொருளாகவோ பரிசுக் கூப்பனாகவோ கொடுக்கலாம், அதே உச்சவரம்புக்குள். ரொக்கத்தை வாங்கினால் சிக்குவது ஸ்பான்சர் இல்லை, ஜெயித்தவரின் அமெச்சூர் அந்தஸ்து. ஸ்பான்சரிடம் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கோல்ஃப் பையும் மிச்சத்துக்கு எல்லாருக்கும் பந்தும் வாங்கித் தரச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.