ஃப்ளை ஃபிஷிங் பற்றி விடாமல் எழுதி வருவதால் உங்களுக்கு என்ன கிடைத்தது?

பணம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடுதலாக மீன் மாட்டுகிறதா என்றால், ஏதோ கொஞ்சம் மாட்டுகிறது. ஆனால் வாரா வாரம் எழுத உட்கார்ந்தால் எழுதுவதற்கு ஏதாவது வேண்டுமே, அந்தத் தொல்லைதான் எனக்குப் பெரிய லாபமாக முடிந்தது.

தெரியாதவர்களுக்கு: இதில் புழுவோ மாவு உருண்டையோ கிடையாது. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சிதான் இரை. அதற்கு எடையே இல்லாததால் தடித்த லைனின், அதாவது தூண்டில் கயிற்றின், எடையை வைத்துத்தான் வீச வேண்டும். ட்ரவுட் மீன் அந்த நேரத்தில் எதைத் தின்றுகொண்டிருக்கிறதோ அதைப் போன்ற ஒன்றை அதன் மூக்குக்கு முன்னால் மிதக்கவிட வேண்டும். நான் இருப்பது தெற்கு இங்கிலாந்தில், சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி வரும் ஆறுகளின் பக்கம். தண்ணீர் அவ்வளவு தெளிவு, மீன் நம் கண்ணுக்குத் தெரியும், நாமும் அதன் கண்ணுக்குத் தெரிவோம்.

போனேன், வீசினேன், ஒன்று மாட்டியது, திரும்ப ஆற்றில் விட்டேன் என்று எத்தனை தடவை எழுத முடியும்? சீக்கிரமே சலித்துவிட்டது. அப்புறம்தான் மணி என்ன, வெயிலா மேகமா, தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருந்தது, பாலத்துக் கைப்பிடியில் இருக்கும் சிலந்தி வலையில் என்ன ஒட்டியிருக்கிறது என்றெல்லாம் குறிக்க ஆரம்பித்தேன். (முந்தின நாள் சாயங்காலம் எந்தப் பூச்சி பறந்தது என்பதைச் சிலந்தி வலை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும், கடைக்காரரைக் கேட்பதைவிட இது நம்பகமானது.) ஏப்ரலில் ஆலிவ் என்ற ஆற்றுப் பூச்சிகள் நடுப்பகலை ஒட்டித்தான் வெளிவரும், விடிகாலையில் போய் நிற்பது வீண். ஜூலையில் தலைகீழ், பொழுது சாய்ந்த பிறகுதான் கூத்து. இதெல்லாம் புத்தகங்களிலேயே இருக்கிறது, ஆனால் நான் போகும் ஆற்றில், ஆல்டர் மரம் சாய்ந்து நிற்கும் அந்த ஒரு வளைவில் எப்போது என்பது என் பழைய பதிவுகளைப் புரட்டினால்தான் தெரியும்.

இரை எடுக்க மீன் மேலே எழும்பும் விதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "மீன் எழும்பியது" என்று எழுதினால் வாசகர் சும்மா விடுவதில்லை, எப்படி எழும்பியது என்று கேட்பார். மூக்கு நுனி தெரிந்து, வளையத்தின் நடுவே ஒரு குமிழி மிஞ்சினால், அது மேலே மிதந்த பூச்சியைக் கொஞ்சம் காற்றோடு சேர்த்து உறிஞ்சியிருக்கிறது. முதுகு மட்டும் புரண்டு, குமிழியே இல்லையென்றால் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, சிறகு விரிக்க மேலேறி வரும் நிம்ஃபை, அதாவது தண்ணீருக்குள் வளரும் இளம் பூச்சியை, மடக்கியிருக்கிறது. அந்த இரண்டாவது மீனுக்கு மிதக்கும் பூச்சியை எவ்வளவு அழகாக வீசினாலும் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. எழுதியாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், மீன் எழும்பியதும் அவசரமாக வீசாமல் அடுத்த தடவை வரட்டும் என்று நின்று பார்க்கத் தோன்றுகிறது.

இந்தக் கலையே ஓரளவுக்கு இப்படி எழுதியவர்களால் வளர்ந்ததுதான். ஸ்க்யூஸ் என்று லண்டனில் ஒரு வக்கீல், தெற்கு இங்கிலாந்தின் இட்சன் ஆற்றில் மீன்பிடித்தவர். மிதக்கும் பூச்சியைத் தவிர மற்றதெல்லாம் மட்டம் என்று பெரிய மனிதர்கள் அடம்பிடித்த காலத்தில், பிடித்த மீனின் வயிற்றிலிருந்து எடுத்ததைத் தண்ணீரில் கலக்கிப் பார்த்து, அதில் பெரும்பாலும் நிம்ஃப்தான் இருக்கிறது என்று பத்திரிகைகளில் விடாமல் எழுதினார். 1938-இல் இதற்காகவே லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் ஒரு விவாதம் நடந்தது, அப்போது அவருக்கு 79 வயது. ஏவன் ஆற்றின் காவலராக இருந்த ஃபிராங்க் சாயரை எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். நூலே இல்லாமல் செம்புக் கம்பியையும் பெசண்ட் பறவையின் வால் இறகையும் மட்டும் வைத்து சாயர் செய்த நிம்ஃப் இன்றைக்கும் என் பெட்டியில் இருக்கிறது, ஒரே ஒரு பூச்சிதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன்.

குறிப்பெடுக்கும் பழக்கம் இன்னொரு இடத்துக்கும் கொண்டுபோய்விட்டது. இங்கே தன்னார்வலர்கள் மாதம் ஒரு தடவை ஆற்றில் வலையைப் பிடித்து, வலையின் வாய்க்கு எதிரே 3 நிமிடம் காலால் சரளையைக் கிளறி, வலையில் சேர்ந்ததைத் தட்டில் கொட்டி 8 வகை உயிர்களை எண்ணுவார்கள். எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போனால் சுற்றுச்சூழல் முகமைக்குத் தகவல் போகும். 2013 ஜூலையில் கென்னட் ஆற்றில் மார்ல்பரோ ஊருக்குக் கீழே இப்படி எண்ணப் போனவர்கள்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்து, ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்குப் பூச்சிகளும் நன்னீர் இறால்களும் அழிந்துபோயிருந்தன. முந்தைய மாதங்களின் கணக்கு கையில் இருந்ததால்தான் எவ்வளவு போனது என்று சொல்ல முடிந்தது. நானும் இப்போது எங்கள் ஆற்றில் எண்ணுகிறேன். எழுதாமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு பூச்சியின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

தமிழில் எழுதுவதால் ஒரு தனிச் சுகமும் உண்டு. நீலகிரியில் ட்ரவுட் இருப்பதும், அவலாஞ்சியில் வெள்ளைக்காரர் காலத்திலேயே அதற்கென்று ஒரு பொரிப்பகம் வந்ததும் நம்மில் பலருக்குத் தெரியாது. அதைப் பற்றி எழுதியதும் ஊட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எழுதினார், அவருடைய கடிதங்களுக்காகவே இன்னும் எழுதலாம்.

நீங்களும் எழுதுவதாக இருந்தால் தேதி, நேரம், தண்ணீர், பூச்சி எல்லாம் போடுங்கள். மீன் நின்ற இடத்தை மட்டும் போடாதீர்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே உங்களுக்கு நிற்க இடம் இருக்காது.