‘ஹெட் போயிடுச்சு’ என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டு இங்க் டேங்க் பிரிண்டரை நாலு மாதமாகத் தொடவே இல்லை. இப்போது கருப்பு அறவே வரவில்லை, நீலம் கோடு கோடாக விடுபடுகிறது. ஹெட் கிளீனிங் பத்துத் தடவைக்கு மேல் கொடுத்தோம், இன்னும் மோசமாகிவிட்டது. பழுது பார்க்க வந்தவர், “ஹெட் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க” என்கிறார். வீட்டிலேயே ஏதாவது செய்து பார்க்க முடியுமா?

பதில்: முடியும். நாலு மாதம் சும்மா இருந்த பிரிண்டரில் ஹெட் போயிருப்பதைவிட, இங்க் காய்ந்து அடைத்திருப்பதற்கே வாய்ப்பு மிக அதிகம். ஹெட் என்பது தாளில் இங்கைத் தெளிக்கும் பாகம். அதில் இருக்கும் நாசில் எனப்படும் துளைகள் தலைமுடியைவிட மெல்லியவை. அவற்றின் வாயில் இங்க் காய்ந்தால், மூடாமல் வைத்த பேனா முனையைப் போல, ஊறவைத்தால்தான் இளகும்.

முதலில் அந்த கிளீனிங் பட்டனை விடுங்கள். கிளீனிங் என்றால் ஹெட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் கப் வந்து மூடிக்கொள்ளும், ஒரு சின்ன பம்ப் அதன் வழியாக இங்கை உறிஞ்சும், அவ்வளவுதான். அடைத்த துளையில் பம்ப் இழுத்தாலும் ஒன்றும் வராது. திறந்திருக்கும் துளைகளிலிருந்துதான் இங்க் போகும். உங்கள் டேங்க் காலியாகும், கூடவே காற்றும் உள்ளே புகலாம். பத்துத் தடவைக்குப் பிறகு நிலைமை மோசமானதற்கு இதுதான் காரணமாக இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் பிரிண்டரை அப்படியே விட்டுவிட்டு, அப்புறம் ஒரு நாசில் செக், அதாவது ஒவ்வொரு நிறத்தையும் கோடுகளாக அச்சடித்துக் காட்டும் சோதனைத் தாள், மட்டும் எடுங்கள்.

அந்தத் தாளைப் பொறுமையாகப் பாருங்கள். இரண்டு முறை எடுத்தும் ஒரே இடத்தில் இடைவெளி இருந்தால் காய்ந்த அடைப்பு. இடைவெளி இடம் மாறிக்கொண்டே இருந்தால் காற்று. இன்னும் சில மணி நேரம் சும்மா விட்டாலே பெரும்பாலும் சரியாகும். ஒரு நிறம் மொத்தமாக இல்லையென்றால் இங்க் ஹெட் வரைக்கும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சில பழைய டேங்க் மாடல்களில், இடம் மாற்றும்போது இங்கை நிறுத்தி வைக்க ஒரு திருகு உண்டு. அது மூடியே கிடக்க, ஹெட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். மஞ்சள் கோடுகள் வெள்ளைத் தாளில் சரியாகத் தெரியாது, நீல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

அடைப்பு என்று தெரிந்தால், அடுத்து ஹெட் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. டேங்க் பிரிண்டர் என்றாலே ஹெட் உள்ளே நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எப்சன், பிரதர் மாடல்களில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் கேனன், ஹெச்பி டேங்க் மாடல்கள் பலவற்றில், நடுவில் ஓடும் வண்டிக்குள் கார்ட்ரிட்ஜ் போலவே இரண்டு துண்டுகள் உட்கார்ந்திருக்கும். அவைதான் ஹெட். கையாலேயே கழற்றலாம், தனியாகவும் கிடைக்கும். டேங்க் இல்லாத சாதாரண பிரிண்டர்களிலும் பல கார்ட்ரிட்ஜ்கள் ஹெட்டோடு சேர்ந்தே வருகின்றன. அடையாளம் சுலபம்: அடிப்பக்கத்தில் மெல்லிய தகடு, அதில் கண்ணுக்கு எட்டாத துளை வரிசை, பக்கவாட்டில் செம்புப் புள்ளிகள். ஆனால் செம்புப் புள்ளியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வெறும் சிப் வைத்த கார்ட்ரிட்ஜிலும் அது இருக்கும். அடியில் தகடு இல்லாமல், இங்க் வெளிவரும் ஒரு பெரிய துளை மட்டும் இருந்தால் அதில் ஹெட் இல்லை.

தகடு இருந்தால் வேலை பாதி முடிந்தது. வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த டிஷ்யூவின் மேல், தகடு கீழே இருக்கும்படி சில நிமிடம் வையுங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்றி எடுங்கள். டிஷ்யூவில் நிறம் பட்டை பட்டையாக இறங்கினால் துளை திறக்கிறது என்று அர்த்தம். செம்புப் புள்ளிகளில் ஈரம் இருக்கவே கூடாது, காயவிட்டுத்தான் திரும்ப மாட்ட வேண்டும். இந்த வகை ஹெட்டில் இங்கைச் சூடாக்கிக் குமிழியாக்கித்தான் வெளியே தள்ளுகிறார்கள். இங்க் வராத நிலையில் விடாமல் பிரிண்ட் கொடுத்தால் அந்தச் சின்ன ஹீட்டரே எரிந்துபோகும். அப்படியே போனாலும் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். இப்படிப்பட்ட பிரிண்டரைப் பார்த்து “ஹெட் போச்சு, புது பிரிண்டர் வாங்குங்க” என்பவர் ஒன்று தெரியாதவர், இல்லை உங்கள் பழைய பிரிண்டருக்குக் குறி வைத்திருப்பவர்.

ஹெட் உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தால் ஒரு ராத்திரி பொறுமை வேண்டும். ஒரு பிரிண்ட் கொடுத்து, வண்டி ஓரத்திலிருந்து நகர்ந்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள். வண்டியைக் கையால் மெதுவாகத் தள்ளலாம், முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள். கிச்சன் டிஷ்யூவைப் பட்டையாக மடித்து, சொட்டாத அளவுக்கு டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, ஹெட் வந்து நிற்கும் பாதையில் வைத்து, வண்டியை அதன் மேல் கொண்டுவந்து விடுங்கள். வண்டிக்குப் பின்னால் ஓடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பட்டையில் விரல் படவே கூடாது. காலையில் டிஷ்யூவை எடுத்துப் பாருங்கள். எந்த நிறம் இறங்கவில்லையோ அங்கேதான் அடைப்பு மிச்சம் இருக்கிறது.

அதே சமயம் ஓரத்தில் இருக்கும் அந்த ரப்பர் கப்பையும் பாருங்கள். விளிம்பில் இங்க் கட்டியாகப் படிந்திருந்தால் கப் ஹெட்டோடு ஒட்டாது. ஒட்டாவிட்டால் பம்ப் இழுப்பது வெறும் காற்றை. நூல் பிரியாத துணியை நனைத்து விளிம்பைத் துடைத்து, கப்புக்குள் சில சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். அப்புறம் ஒரே ஒரு கிளீனிங், ஒரு நாசில் செக். மூன்று தடவைக்கு மேல் போகாதீர்கள்.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். ஆசிட் கலந்ததை எடுத்துவிடாதீர்கள், லேபிளைப் படியுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஹெட்டின் பசையையே கரைக்கும். சிரிஞ்சால் ஹெட்டுக்குள் திரவத்தை அழுத்திச் செலுத்துவதாக வீடியோக்களில் காட்டும் வைத்தியத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கொஞ்சம் அழுத்தம் கூடினாலும் உள்ளே இருக்கும் மெல்லிய அடுக்குகள் பிளந்துவிடும். வழியும் திரவம் பட்டை கேபிளில் இறங்கினால் போர்டும் சேர்ந்து போகும்.

வெளியாளிடம் கொடுப்பதானால், நாசில் செக் தாளைக் கண்முன்னே எடுத்துக் காட்டாமல் ஹெட்டைப் பற்றிப் பேச விடாதீர்கள். கழற்றிய பழைய பாகம் உங்கள் கைக்கு வர வேண்டும். “ரீசெட் போட்டால் சரியாகிவிடும்” என்று ஒரு கூட்டம் வரும். ரீசெட்டுக்கும் அடைப்புக்கும் சம்பந்தமே கிடையாது. கிளீனிங்கில் வீணாகும் இங்க் உள்ளே ஒரு பஞ்சில் சேர்கிறது. எவ்வளவு சேர்ந்தது என்று பிரிண்டர் ஒரு கணக்கு வைத்து, எல்லை வந்ததும் நின்றுவிடும். ரீசெட் அந்தக் கணக்கை மட்டும்தான் பூஜ்யமாக்கும், பஞ்சு நிறைந்தது நிறைந்ததுதான். பஞ்சை மாற்றாமல் ரீசெட் போட்டுக்கொண்டே போனால் ஒருநாள் மேசையெல்லாம் இங்க். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் இலவச ரீசெட் சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டர் பக்கமே விடாதீர்கள்.

இவர்கள் பிழைப்பு நடத்த இடம் கொடுத்ததே கம்பெனிகள்தான். புதிய மாடல்கள் சிலவற்றில் அந்தப் பஞ்சைப் பெட்டியாக்கி, நாமே மாற்றும்படி வைத்திருக்கிறார்கள். இதை முதலிலேயே செய்யாமல் மற்ற மாடல்களை ஏன் ஸ்க்ரூவுக்குள் பூட்டினார்கள்? பிரான்ஸில் ஒரு நுகர்வோர் அமைப்பு 2017-லேயே பிரிண்டர் கம்பெனிகள் மேல், பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதாகப் புகார் கொடுத்தது. ஹெட் எங்கே இருக்கிறது, தனியாகக் கிடைக்குமா என்று பெட்டியின் மேலேயே அச்சடிக்க என்ன கஷ்டம்?

இரண்டு ராத்திரி ஊறியும் இடைவெளி கொஞ்சமும் குறையவில்லை, அல்லது டிஷ்யூவில் கருப்பு நன்றாக இறங்கியும் தாளில் வரவே இல்லை என்றால், ஹெட்டில் மின்சாரப் பழுதாக இருக்கலாம். அப்போது ஹெட்டின் விலையை முதலில் கேளுங்கள். புது பிரிண்டர் விலையை நெருங்கினால் மாற்ற வேண்டாம். சரியாகிவிட்டால் வாரம் ஒரு கலர் பக்கம் எடுங்கள். அணைக்கும்போது எப்போதும் பிரிண்டரின் பட்டனை அழுத்தியே அணையுங்கள். சுவர் சுவிட்சில் அணைத்தால், நடுவழியில் நின்ற ஹெட் கப்புக்குத் திரும்பாமல் திறந்தே கிடந்து மறுபடி காயும்.